செவ்வாய்க்கிழமை நாடகத்தில் என்ன பேசினார்கள்?

பாலரெங்காபுரம், மதுரை
12.7.85

அன்புள்ள மாமாவுக்கு அன்னக்கொடி எழுதுவது.

இங்கே நானும் சோணை அண்ணனும் நன்றாக இருக்கிறோம். எழுமலையில் அத்தைக்கு மூட்டுவலி தேவலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை இனிமேல் முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசியில் எழுதுகிறீர்கள், அதுவரைக்கும் எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

இங்கே பெரிய விசேஷம். வீட்டுக்காரர் துளசிராம் டீவி வாங்கிவிட்டார். மரக்கதவு வைத்துப் பூட்டுகிற பெட்டி. மதுரையில் தெரிவது பூராவும் டில்லி நிகழ்ச்சிதான், எல்லாம் இந்தி. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு நாடகம் வருகிறது. அதில் கொலை இல்லை, சாமி இல்லை, பாட்டுக்கூட இல்லை. ஒரு வீட்டு மாடியில் புருஷன் பெண்டாட்டி குடியிருக்கிறார்கள், கீழே வீட்டுக்காரம்மா. பால் திரிந்து போகிறது. கேஸ் தீர்ந்து போகிறது. சொந்தக்காரர் சொல்லாமல் வந்து இறங்குகிறார். இவ்வளவுதான் கதை. நம் வீட்டில் நடக்காததா என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் இடம் பிடித்தேன்.

பேர் தெரியாததால் நாங்களே பேர் வைத்துவிட்டோம். புருஷன் கண்ணாடிக்காரர், பெண்டாட்டி பொட்டுக்காரி, கீழே சாவிக்கொத்தம்மா. துளசிராம் வீட்டம்மா சாரதாக்காதான் எங்களுக்கு அர்த்தம் சொல்கிறார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவதால் இந்தி தானாக வரும் என்று தெரு பூராவும் நம்புகிறது. அவரும் நம்புகிறார்.

நான் இதை உன்னிப்பாகப் பார்ப்பது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் ஜான்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாயிற்று, உங்கள் லீவு நாட்களைத் தவிர நாம் எங்கே சேர்ந்திருந்தோம்? அங்கே வந்து பால்காரனிடம் ஊமை மாதிரி நிற்கக்கூடாது.

ஒரு சந்தேகம். போன வாரம் கண்ணாடிக்காரர் ஆபீசுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார். பொட்டுக்காரி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். மனுஷன் அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தார். "அவரு அம்மா செத்துப்போச்சாம்" என்றார் சாரதாக்கா. செத்ததற்கா அந்த நாடகத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்? உங்கள் மெஸ்ஸிலும் இது ஓடுமே, பார்த்தீர்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
அன்னக்கொடி


ஜான்சி
29.7.85

அன்பு அன்னக்கொடிக்கு வெள்ளைத்துரை எழுதியது.

உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. முதல் வரியில் எழுதிவிட்டேன், போதுமா?

உன் கடிதத்தை நம் பக்கத்துப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். மெஸ்ஸே சிரித்தது. அவர் அம்மா சாகவில்லை. பொட்டுக்காரி சொன்னது, "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை." சாரதாக்காவிடம் பக்குவமாகச் சொல். வாடகையை ஏற்றிவிடப் போகிறார்.

அந்த நாடகத்தை நானும் விடுவதில்லை. பொட்டுக்காரி பேசுகிற மாதிரியேதான் இங்கே குவார்ட்டர்ஸ் பெண்களும் பேசுகிறார்கள். காய்காரனிடம் என்ன விலை என்பதற்கு "கித்னே கா" என்று கேள். அவன் எது சொன்னாலும் முகத்தைச் சுளி. இந்தி அவ்வளவுதான். உனக்கு முகம் சுளிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

குவார்ட்டர்ஸ் வரிசையில் என் பேர் மேலே வந்திருக்கிறது. தீபாவளி கழித்துக் கிடைத்துவிடும் என்று கிளார்க் சொல்கிறார்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.
வெள்ளைத்துரை


மதுரை
20.8.85

அன்புள்ள மாமாவுக்கு,

கல்லுக்குண்டு சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே அண்ணனுக்குத்தான் சளி. எழுமலை பஸ்ஸில் டூட்டி, புழுதியெல்லாம் அவர் நெஞ்சில்தான் இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சாரதாக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எங்க பாஷையிலயும் தண்ணிக்குப் பானிதான், வீட்டுக்கு கேர்தான். எனக்குத் தெரியாததா ஒன் மிலிட்டரிக்காரருக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றார். மறு செவ்வாய் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த செவ்வாய் தாங்க முடியாமல் மறுபடி அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்களும் கேட்டுக்கொள்கிறோம். அவர் சொல்கிற கதையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் நாடகத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் கூடத்தில் படிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் தீர்ப்பு.

சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் வருகிறேன். மற்ற நேரம் பேச ஆளில்லை. அண்ணன் வந்தால் சாப்பிட்டுத் தூங்குகிறார். நான் அடுப்போடு பேசுகிறேன். சேர்த்து வைத்திருக்கிறேன் மாமா, அங்கே வந்து உங்களுக்குக் காது புளிக்கிற வரைக்கும் பேசுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்காரர் ஏன் சாவிக்கொத்தம்மாவைக் கண்டால் குடையை விரித்துக்கொண்டு போகிறார்?

அன்னக்கொடி


ஜான்சி
10.9.85

அன்பு அன்னக்கொடிக்கு,

நான் சுகம். வாடகை பாக்கி, அதனால்தான் குடை. இதற்கு இந்தி எதற்கு?

நாளைக்கு பீரங்கிப் பயிற்சிக்குக் காட்டுப்பக்கம் போகிறோம். ஒரு மாதம் ஆகும், அங்கே டீவி கிடையாது. நாடகத்தை நீ பார்த்து எழுது, வந்து படித்துக்கொள்கிறேன். சாரதாக்கா சொல்கிற கதையையும் சேர்த்து எழுது. பேசுவதைச் சேர்த்து வை. நீ பேசப்பேசக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது.

அவசரம். வண்டி நிற்கிறது.
வெள்ளைத்துரை


மதுரை
20.11.85

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகம் தெரியவில்லை. அதனால் என் சுகத்தை எழுதவும் மனசில்லை.

இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தீபாவளிக்கு அத்தை எழுமலையிலிருந்து வந்து, "எம் மகன் காயிதம் போட்டானாத்தா?" என்று கேட்டபோது, வந்தது, சுகமாக இருக்கிறார் என்று பொய் சொன்னேன். பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அந்த நாடகத்தையும் பதின்மூன்று வாரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள். பொட்டுக்காரி கையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அழுகையே வந்தது. மார்கழியில் மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று துளசிராம் பேப்பரில் பார்த்துச் சொன்னார். நீங்களும் அதுவரைக்கும் விடுமுறையா?

ஒரு வரி போதும். சுகம் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்னக்கொடி


ஜான்சி
26.12.85

அன்னக்கொடிக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் இப்போதைக்கு இல்லை. வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நாடகம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, பார்த்திருப்பாய். முன்னைப்போல் இல்லை, கிறுக்குத்தனமாக இருக்கிறது. கண்ணாடிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார். அங்கே போனால் மாமனார் நிற்கிறார். அவர் வந்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கதை எழுதுகிறவனுக்குப் புத்தி வேண்டாமா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.
வெள்ளைத்துரை


மதுரை
4.1.86

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் என்ற சொல்லைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. அழகருக்கு நேர்ந்துகொண்டதை முடித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் உங்கள் மேல் கோபம் வந்தது.

இத்தனை மாசம் கழித்து ஒரு கடிதம், அதில் பாதி நாடகம்! குவார்ட்டர்ஸ் வேறு ஒருவருக்குப் போனது எப்படி? வரிசையில் மேலே இருந்த பேர் எங்கே இறங்கியது? சோணை அண்ணன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஏத்தா, மாப்ள எழுத்தே ஒரு தினுசா இருக்கே. அங்கிட்டு வேற ஏதும் சங்கதி இருக்கப்போவுது" என்றார். அப்படியெல்லாம் பேசாதண்ணே என்று சண்டை பிடித்தேன். சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வேறு ஏதும் சங்கதி இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயால் கேட்க வேண்டாம்.

நாடகத்தில் கதை எழுதியவனைத் திட்டியிருக்கிறீர்கள். காலிங்பெல் அடித்தது மாமா. "டிங் டாங்" என்று இரண்டு தரம் அடித்தது. நம் தெருவில் யார் வீட்டிலும் அது கிடையாது என்பதால் பிள்ளைகள் அன்றைக்குப் பூராவும் டிங் டாங் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். நீங்கள் அந்த நேரம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தீர்களா?

பங்குனியில் நான் அங்கே வருகிறேன். குவார்ட்டர்ஸ் இல்லாவிட்டால் வாடகைக்கு ஒரு அறை பாருங்கள். சரி, இல்லை, ஏதாவது ஒன்று எழுதுங்கள்.

அன்னக்கொடி


ஜான்சி
22.1.86

அன்னக்கொடிக்கு,

சுகம். பொங்கலுக்கு இங்கே சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

நீ இப்போது வர வேண்டாம். வெயில் வந்துவிடும், உனக்கு ஒத்துக்கொள்ளாது. எழுமலையில் அம்மாவுக்குத் துணையாகப் போய் இரு. மதுரையில் இருந்து என்ன செய்யப்போகிறாய்? அண்ணன் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. என்னை நம்பு.

இந்த வார நாடகம் பார்த்தாயா? பொட்டுக்காரி இப்படியெல்லாம் சண்டை போடுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைக்க என்ன கத்துக் கத்தினாள்! வாடகை விஷயமாகத்தான் சாவிக்கொத்தம்மாவோடு தகராறு. அம்புட்டுச் சத்தம் போட்டு வீடே இரண்டுபடுகிறது, கண்ணாடிக்காரர் என்னடாவென்றால் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு சிரிக்கிறார். மெஸ்ஸில் எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்துவதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

பீடியை விட்டுவிட்டேன்.
வெள்ளைத்துரை


மதுரை
6.2.86

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்களை இந்தத் தடவை கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் கூடத்தில் படித்தேன். பொட்டுக்காரி கத்தினாள் என்ற இடத்தில் பிள்ளைகள் "ஓ"வென்று சிரித்தார்கள். சாரதாக்கா தொடையில் தட்டிக்கொண்டு, "என்னடி அன்னம், அன்னைக்கு ஒன் வீட்டுக்காரரு காதைக் கழட்டி வச்சிட்டா பாத்தாரு? இதுக்கு எந்தப் பாஷையும் வேண்டாமேடி!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்ப் பாத்திரம் விளக்க உட்கார்ந்தேன். பாதி விளக்கும்போது கை நின்றுவிட்டது.

அந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று மாமா. அரை மணி நேரமும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. வாயை வாயை அசைத்தாள், கையை ஆட்டினாள், வெறும் காற்றுதான் வந்தது. திட்டு வாங்கியே பழகின மனுஷன் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். அதுதான் சிரிப்பே. இந்தி தெரியாத நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் அர்த்தம் கேட்காமல் பார்த்த ஒரே வாரம் அது. உங்களுக்கு மட்டும் அவள் கத்தினது தெரிந்திருக்கிறது. காலிங்பெல் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் யாருக்கும் சொல்லாமல் இரண்டு காதிலும் பஞ்சை வைத்து, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கதை எனக்கு ஒன்றும் குறையவில்லை. நான்தான் இத்தனை நாளும் முகத்தையும் கையையும் பார்த்தே அந்தக் குடும்பத்தோடு குடித்தனம் நடத்துகிறேனே. ஆனால் ஒன்று ஆகவில்லை. எப்போது சிரிப்பது என்று தெரியவில்லை. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு சிரித்தேன். ஒரு தரம் அவர்கள் நிறுத்தின பிறகும் நான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சாரதாக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு உடம்பு கூசிப்போனது. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்கள் பக்கம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் மாசக்கணக்காக ஒரு மெஸ் நிறைய ஆளுக்கு நடுவில் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குக் கதை சொல்ல வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பீரங்கிப் பயிற்சியில் என்ன ஆயிற்று? என்னிடம் சொன்னால் என்ன? நான் வாய் ஓயாதவள், கேட்க ஆளில்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தீர்களா? அதை நினைத்தால் எனக்கு உங்களை அடிக்க வேண்டும்போல் கோபம் வருகிறது. எழுமலைக்குப் போய் இரு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

நான் நினைப்பது தப்பாக இருந்தால் "போடி கிறுக்கச்சி" என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். தெரு பூராவும் மிட்டாய் கொடுத்துவிட்டு எழுமலைக்குப் பஸ் ஏறுகிறேன். தப்பில்லை என்றால் நான் அங்கே வருவேன். நாடக நேரத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். சிரிக்கிற இடம் வந்தால் முழங்கையால் இடிக்கிறேன், சிரியுங்கள். என் இந்திக்கு நான் தப்பான இடத்தில் இடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகச் சிரிப்போம்.

உங்கள்
அன்னக்கொடி


மதுரை
27.2.86

மாமாவுக்கு,

இங்கே சுகம். கார்டு வரவில்லை. தினமும் தபால்காரரை மறித்துக் கேட்டுவிட்டேன். "கிறுக்கச்சி" என்று எழுத உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எழுதவில்லை என்றால் எனக்குப் புரிகிறது.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "மாப்ளயப் போயி என்னன்னமோ நெனச்சுப்புட்டேனே ஆத்தா" என்றார். அவரே டிக்கெட்டுக்குப் போனார். கருமாத்தூர் நல்லகாமன் அண்ணன் லீவு முடிந்து குடும்பத்தோடு டில்லிக்குப் போகிறார். அவர்களோடு அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி மெட்ராஸில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். வரக்கூடாது என்றால் அதற்குள் தந்தி அடியுங்கள். அடித்தாலும் வருவேன் என்பது வேறு விஷயம்.

அன்னக்கொடி


ஜான்சி
8.3.86

என் அன்னக்கொடிக்கு,

உடம்பில் வேறு குறை இல்லை. சத்தியமாக.

நீ எழுதின கடிதத்தை ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை, இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். பயிற்சியில் பக்கத்திலேயே ஒரு குண்டு வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தேன். வேலையிலிருந்து அனுப்பவில்லை, ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் எனக்குத்தான் வந்தது, நான்தான் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். உன்னை ஒரு ஊமை வீட்டில் கொண்டுவந்து அடைக்க எனக்கு மனசு வரவில்லை. பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்தேன். கிறுக்கச்சி என்று எழுதி ஒரு கார்டைக் கிழித்தும் போட்டேன். நேற்றுப் போய் மறுபடி குவார்ட்டர்ஸ் கேட்டேன். மாடி வீடு கிடைத்திருக்கிறது. வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நல்லகாமனிடம் பெட்டி நம்பரை எனக்குத் தந்தி அடிக்கச் சொல். வெயில் இருக்கிறது, தண்ணீர்க் கூஜா எடுத்துக்கொள். ஜான்சியில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும், சாமான்களை முன்கூட்டியே வாசலுக்குக் கொண்டுவந்துவிடு. பிளாட்பாரத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளும். இறங்கினதும் பயந்துபோய் மாமா மாமா என்று கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. இறங்கின இடத்திலேயே நில். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவேன்.

வெள்ளைத்துரை